ஆளே மாறிப்போன பிள்ளை

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எமது தாய்மார் இரவிரவாகக் கண்விழித்திருப்பர். நெற்றியில் ஈரத்துணி இடுவர். கொத்தமல்லி அவித்துக் கொடுப்பர். காய்ச்சல் தணிந்ததும் நேர்த்தியை நிறைவேற்றி ஆறுதலடைவர். நோய் வந்தது, போனது என்பதே எமது கணக்கு. ஆனால் காய்ச்சல் தணிந்து, பிள்ளை வீடு திரும்பி, எல்லாம் முடிந்துவிட்டதென நாம் எண்ணியிருக்கும் வேளையில், சில கிழமைகள் கழித்து வரும் நோய் ஒன்று உண்டு. அது வரும்போது பெரும்பாலும் நோய் போல வருவதில்லை. பிள்ளையின் குணம் மாறியது போல வரும். குழப்படி போல வரும். பேய்க்கோளாறு போலவும் வரும். அதனைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றோம்.

நாம் மருத்துவம் கற்றவரல்லோம். கலைப்பட்டம் பெற்று, ஊரில் சில ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்து, பின்னர் எல்லோரையும் போல இந்நாட்டுக்கு ஓடி வந்தவர்கள். மருத்துவர் எழுதவேண்டிய விடயத்தை நாம் எழுதத் துணிந்தமைக்கு இரண்டு பிள்ளைகள் காரணம். ஒருத்தியை வன்னியில் கண்டோம். மற்றவளை இங்கிலாந்தில் கண்டோம்.

கோணிய எழுத்து

1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வின் பின்னர் வன்னியில், மரநிழலில் நடந்த பாடசாலையொன்றில் நாம் ஐந்தாம் ஆண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். அவ்வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். புலமைப்பரிசில் பரீட்சையில் நிச்சயம் தேறுவாள் என்று நாம் நம்பியிருந்த பிள்ளை. அவளது கொப்பியை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டி, எழுத்தென்றால் இப்படி இருக்கவேண்டும் என்று சொல்வது எமது வழக்கம்.

ஒரு மாரிகாலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அக்காலத்தில் வன்னியில் காய்ச்சலென்றால் மலேரியா என்றே கொள்வர். குளிசை கொடுத்தார்கள்; காய்ச்சல் விட்டது; பாடசாலைக்கு வந்தாள். இரண்டு கிழமை சென்றிருக்கும். அவளுடைய கொப்பியில் எழுத்துகள் கோட்டை விட்டுக் கீழே இறங்கத் தொடங்கின. சொற்கள் பாதியில் நின்றன. கேட்ட கேள்விக்கு விடை கூறாமல் எம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காரணமின்றிச் சிரித்தாள். வகுப்பே சிரித்தது. நாம் அவளை எழுப்பி நிறுத்திக் கையில் பிரம்பால் அடித்தோம்.

இதனை எழுதுவதற்கு எமக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

அடுத்த கிழமை அவள் வரவில்லை. இரவில் உறங்காமல் கத்துகிறாள் என்றும், வாய் ஒருபக்கமாக அசைகிறது என்றும், காத்துக்கறுப்பு ஏதோ பட்டுவிட்டதென்று நூல் கட்டியிருக்கிறார்கள் என்றும் பிள்ளைகள் வந்து கூறினர். மூன்றாம் கிழமை அவள் இறந்த செய்தி வந்தது. அவளது கொப்பி எம்மிடமே இருந்தது. அடுத்த இடப்பெயர்வில் அதுவும் தொலைந்துபோனது.

அவளுக்கு வந்தது எந்நோய் என்பதை இன்று எவராலும் நிறுவ முடியாது. மருந்துத் தடையும் போரும் சூழ்ந்திருந்த அந்நாள்களில் அதனைக் கண்டறிய வழியிருக்கவில்லை. ஆயினும் அவளது கொப்பி ஏதோ சொல்ல முயன்றது. ஆசிரியராயிருந்த நாம் அதனை வாசிக்கத் தவறினோம். அந்தத் தவறு எம்முடையது.

இந்நாட்டில் நடந்தது

இரண்டாவது பிள்ளையின் கதை சில ஆண்டுகளுக்கு முற்பட்டது. அவள் ஆறு வயதுச் சிறுமி. தந்தையின் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு கிடைக்காதிருந்த காலம். கடுங்காய்ச்சலும் வலிப்பும் கண்டு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டாள். ஹேர்ப்பீஸ் வைரசினால் ஏற்பட்ட மூளை அழற்சி என்று வைத்தியர்கள் விரைவிலேயே கண்டுபிடித்து, அசைக்ளோவிர் என்னும் மருந்தை மூன்று கிழமைகள் நாளத்தினூடாக ஏற்றினார்கள். பிள்ளை தேறினாள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கடிதமும் கொடுத்தார்கள்.

அதன்பின் அக்குடும்பம் வேறொரு நகருக்கு இடம் மாற்றப்பட்டது. புதிய வீடு, புதிய பாடசாலை, அறிமுகமற்ற வைத்தியர். வைத்தியசாலைக் கடிதம் விண்ணப்பம் தொடர்பான மற்றைய கடிதங்களுடன் ஒரு பையில் கிடந்தது. அதில் என்ன எழுதப்பட்டிருந்தது என்று வீட்டில் எவரும் முழுமையாக வாசித்திருக்கவில்லை.

நோய் தொடங்கி ஐந்தாம் கிழமையளவில் பிள்ளை மாறத் தொடங்கினாள். இரவில் உறக்கமில்லை. தாயைக் கண்டு வீரிட்டாள். பேச்சுக் குறைந்து குறைந்து ஒருநாள் நின்றேவிட்டது. கைகள் தாமாகவே நெளிந்தன. காய்ச்சலின் களைப்பு என்றனர் சிலர். கண்ணூறு என்றனர் சிலர். நெடுந்தொலைவு பயணம் செய்து ஒருவரிடம் சென்று நூல் கட்டி வந்தனர். இவ்வாறு ஒரு கிழமை கழிந்தது.

பின்னர் புதிய நகரின் வைத்தியசாலைக்குப் போனார்கள். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. தந்தை வேலை தேடவும் உரிமையற்ற நிலையில், ஒரு கையெழுத்துக்காக வேறிடம் சென்றிருந்தார். பன்னிரண்டு வயது மகனே மொழிபெயர்த்தான். "இது என்ர பிள்ளையில்லை ஐயா, ஆளே மாறிப்போனாள்" என்று தாய் அழுதாள். மகன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தங்கச்சி இப்போது சொல்வழி கேட்பதில்லை, குழப்படி செய்கிறாள் என்று கூறினான். அவன் பொய் சொல்லவில்லை. தாயின் வார்த்தையைக் கொண்டுசெல்லும் வலு அவனது மொழியில் அன்று இருக்கவில்லை.

வீட்டில் ஏதும் பிரச்சினையா, போரில் ஏதும் கண்டாளா என்று வைத்தியர் கேட்டார். பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்த தாய், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே கூறினாள். முன்னைய நோயைப் பற்றிக் கேட்டபோது, காய்ச்சல் வந்து சுகமாகிவிட்டது என்றான் சிறுவன். அகதிப் பிள்ளை, ஊர் மாறி வந்த பிள்ளை, மனப்பாதிப்பாக இருக்கலாம் என்று எண்ணி, சிறுவர் உளநலப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மேலும் நான்கு நாள்கள் சென்றபின், அயலில் வசித்த எம்மவர் ஒருவர் அந்தப் பையைத் திறந்து கடிதத்தை வாசித்தார். பிள்ளையின் நடத்தையில் மாற்றம் ஏதும் தென்பட்டால் தாமதியாமல் திரும்ப அழைத்து வரவேண்டும் என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அன்றிரவே கடிதத்துடன் சென்றனர். முறையான மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வந்தார். தாயின் வாக்கியம் முதன்முறையாக முழுமையாக வைத்தியரின் காதில் விழுந்தது.

முள்ளந்தண்டில் இருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். வைரசு மீண்டும் வரவில்லை. வந்திருந்தது வேறொன்று.

தன்னைத் தானே தாக்கும் உடல்

எமது உடலில் நிர்ப்பீடனத் தொகுதி என்றொரு காவற்படை இருப்பதைப் பாடசாலையில் படித்திருப்போம். கிருமி நுழைந்தால் அதனை அடையாளங்கண்டு அழிப்பதற்காக அது பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றது. சில வேளைகளில் இக்காவற்படை நண்பனையும் பகைவனென எண்ணித் தாக்கிவிடும். அவ்வாறு எழுவனவே தன்னெதிர்ப்பு நோய்கள். தாக்கப்படும் இடம் மூளையாயின் அது தன்னெதிர்ப்பு மூளை அழற்சி.

ஹேர்ப்பீஸ் வைரசு எமக்குப் புதியதன்று. உதட்டோரத்தில் எழும் கொப்புளத்துக்கும் அதுவே காரணம். உலகில் பெரும்பாலானோர் உடலில் அது தங்கியுள்ளது. அது மூளையைத் தாக்குவது மிக அரிது. ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் 2 முதல் 4 பேர் என்பதே கணக்கு. அவ்வாறு தாக்கும்போது நரம்புக் கலங்கள் சிதைகின்றன. அவற்றின் உள்ளே மறைந்திருந்த பகுதிகள் வெளிப்படுகின்றன. இதுவரை அவற்றைக் கண்டிராத காவற்படை அவற்றுக்கு எதிராகவும் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது என்பதே ஆய்வாளர் தரும் விளக்கம். வைரசு அடங்கிய பின்னர் இந்தப் பிறபொருளெதிரிகள் தம் வேலையைத் தொடங்குகின்றன.

அவை பெரும்பாலும் குறிவைப்பது நரம்புக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள என்.எம்.டி.ஏ. வாங்கிகளை. நினைவுக்கும் கற்றலுக்கும் இன்றியமையாத வாசல்கள் அவை. பிறபொருளெதிரி வந்து ஒட்டியதும் அவ்வாசல்கள் கலத்தினுள்ளே இழுக்கப்பட்டு மறைகின்றன. ஆதலால் நினைவு குழம்புகின்றது, உறக்கம் கெடுகின்றது, பேச்சு நிற்கின்றது, இல்லாதவை தென்படுகின்றன, வாயும் கைகளும் தாமாக அசைகின்றன, வலிப்பும் வரலாம். இதில் ஓர் ஆறுதலும் உண்டு. இந்தப் பிறபொருளெதிரி வாசல்களை மூடினாலும் வீட்டை இடிப்பதில்லை. அதனை அகற்றினால் வாசல்கள் மீண்டும் திறக்கக்கூடும். வைரசினால் ஏற்பட்ட சிதைவு மீளாதிருக்கலாம். தன்னெதிர்ப்பினால் ஏற்பட்டதைப் பெரும்பாலும் மீட்கலாம். எனவேதான் காலதாமதம் இங்கே கொடியதாகின்றது.

இந்நோய்க்குப் பெயர் கிடைத்ததே அண்மைக்காலத்தில்தான். 2007ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசெப் டல்மாவு என்னும் நரம்பியல் அறிஞரும் அவரது குழுவினரும் என்.எம்.டி.ஏ. வாங்கிக்கு எதிரான இப்பிறபொருளெதிரியை அடையாளங்கண்டு வெளியிட்டனர். அவர்கள் முதலில் ஆராய்ந்தவர்கள் 12 பெண்கள். அவர்களுள் பெரும்பாலோரது நோயைச் சூலகக் கட்டியே தூண்டியிருந்தது. ஆகவே வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு இந்நோய் வரின் அத்தகைய கட்டி உண்டா என்றும் பார்ப்பார்கள். காரணம் எதுவுமே தென்படாமல் வருவதும் உண்டு.

2012ஆம் ஆண்டில் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்று, முப்பது வயதுக்கு உட்பட்டோரிடையே தாம் பரிசோதித்த மூளை அழற்சிகளில், எந்தவொரு தனி வைரசையும் விட இத்தன்னெதிர்ப்பே மிகுதியாக இருந்ததெனக் காட்டிற்று. 2018ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட முடிவு மேலும் முக்கியமானது. ஹேர்ப்பீஸ் மூளை அழற்சி கண்ட 51 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், 14 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 27 வீதமானோர்க்கு, பின்னர் தன்னெதிர்ப்பு மூளை அழற்சி எழுந்தது. பெரும்பாலும் இரண்டு மாதங்களுக்குள் அது வந்துவிடுகின்றது. மிகச் சிறிய பிள்ளைகளில் கைகால்கள் நெளிவதும் உணர்வு மங்குவதும் முன்னிற்கும். பெரியவர்களில் மனநிலை மாற்றமே முன்னிற்கும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு நோயும் உண்டு. சாதாரண வைரசுக் காய்ச்சலோ சின்னமுத்தோ வந்து சில நாள்கள் அல்லது சில கிழமைகள் கழித்து, மூளையின் நரம்பு நார்களைச் சுற்றியுள்ள உறையைக் காவற்படை தாக்குவது. பிள்ளை எழும்ப மாட்டாமல் உறங்கும், நடை தள்ளாடும், பார்வை மங்கும். இதுவும் பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கே வருகின்றது; உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் பெரும்பாலானோர் நன்கு தேறுகின்றனர்.

சிகிச்சை உண்டு. அதிக அளவில் ஸ்ரெரோயிட் ஏற்றுதல், பலரது குருதியிலிருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரிகளை நாளத்தினூடாகச் செலுத்துதல், குருதியின் திரவப் பகுதியை மாற்றுதல் என்பன முதற்படி. அவை போதாவிடின் ரிட்டக்ஸிமாப் முதலிய மருந்துகள் இரண்டாம் படி. என்.எம்.டி.ஏ. தன்னெதிர்ப்பு நோயாளர் பலரை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியான பேராய்வொன்றில், இரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட 501 பேரில் 394 பேர் நல்ல நிலைக்குத் திரும்பினர். 30 பேர் இறந்தனர். நன்றாகத் தேறியோரிடம் காணப்பட்ட முக்கிய காரணிகளில் ஒன்று, சிகிச்சை விரைவில் தொடங்கியமை.

வைரசு நோயின் பின்னர் தன்னெதிர்ப்பு வந்தோர்க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வைரசு முன்னரே விளைத்த சேதத்தையும் அவர்கள் சுமக்கின்றனர். நாம் சொன்ன சிறுமி இன்று பள்ளி செல்கின்றாள். பேச்சு மீண்டுவிட்டது, தாயை அறிகின்றாள், சிரிக்கின்றாள். ஆனால் காலையில் படித்ததை மாலையில் மறக்கின்றாள். அதில் எவ்வளவு வைரசின் பங்கு, எவ்வளவு நாம் தொலைத்த பதினொரு நாள்களின் பங்கு என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. அக்கேள்வியோடு அத்தாய் வாழ்கின்றாள்.

மொழியும் மறைப்பும்

நியூயோர்க் நகரில் சூசன்னா காஹலன் என்னும் பெண் பத்திரிகையாளர் 2009ஆம் ஆண்டில், தமது 24ஆவது வயதில், இந்நோயினால் பாதிக்கப்பட்டார். அது மனநோயெனவும் மதுவின் விளைவெனவும் முதலில் கருதப்பட்டது. கடிகாரமொன்றை வரையச் சொன்னபோது எல்லா இலக்கங்களையும் வலது பாதியிலேயே அவர் எழுதியதைக் கண்டுதான், மூளையில் அழற்சி இருப்பதை வைத்தியர் ஒருவர் உணர்ந்தார். தமது அனுபவத்தை அவர் 2012ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சிந்தித்துப் பாருங்கள். அவர் சொந்த நாட்டில், சொந்த மொழியில், எழுத்தையே தொழிலாகக் கொண்டவர். பெற்றோர் அருகில் இருந்தனர். அவருக்கே இந்தக் கதியென்றால், பன்னிரண்டு வயதுச் சிறுவனின் வாயால் பேசும் ஓர் அகதித் தாயின் பிள்ளைக்கு எக்கதி நேரும்?

பிள்ளையில் ஏற்பட்ட மாற்றத்தை முதலில் காண்பவள் தாய். எந்தக் கருவியும் அதனை அவளுக்கு முன்னர் காண்பதில்லை. வைத்தியருக்கு அந்தப் பிள்ளை அன்றுதான் அறிமுகம். நேற்று அவள் எப்படிப் பேசினாள், எப்படி உறங்கினாள் என்பதை அவர் அறியார். ஆகவே தாயின் சொல்லே முதற் சோதனை. அந்தச் சொல் சிதையாமல் வைத்தியரிடம் போய்ச் சேரவேண்டும். இதுவே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் ஒரே விடயம்.

எமது வீடுகளில் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்களாகிவிட்டனர். வங்கிக் கடிதத்தை வாசிப்பதும் அவர்களே. சட்டத்தரணியிடம் பேசுவதும் அவர்களே. இதனைப் பெருமையாகவும் பேசிக்கொள்கின்றோம். ஆனால் தங்கையின் மூளையில் என்ன நேர்ந்தது என்பதை மொழிபெயர்க்கும் பாரத்தை ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றுவது கொடுமை. அந்தச் சிறுவன், தான் சரியாகச் சொல்லாததால்தான் தங்கச்சிக்கு இப்படியாயிற்று என்று இன்றும் சொல்கின்றான். குற்றம் அவனுடையதா?

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம்; அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. உடனடிச் சிகிச்சை தேவைப்படும் வேளை தவிர, பதினாறு வயதுக்கு உட்பட்டோரை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தலாகாது என்பது அச்சேவையின் வழிகாட்டல். "ரமில் இன்ரபிரிற்றர் பிளீஸ்" என்ற மூன்று சொற்களை எமது தாய்மார் ஒவ்வொருவரும் பாடமாக்கிக்கொள்ளட்டும்.

அடுத்தது அச்சம். வைத்தியசாலைக்குப் போனால் விண்ணப்பம் பாதிக்கப்படுமோ, பணம் கேட்பார்களோ, பிள்ளையை எடுத்துவிடுவார்களோ என்ற அச்சம். விண்ணப்பம் நிலுவையில் உள்ளோர்க்கும் அகதி அந்தஸ்துப் பெற்றோர்க்கும் இங்கிலாந்தில் வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டோர்க்குச் சில சிகிச்சைகளுக்குப் பின்னர் கட்டணம் கேட்கப்படலாம். ஆயினும் உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையை முற்பணம் இல்லையென்று மறுக்கலாகாது. அவசர சிகிச்சைப் பிரிவு எல்லோர்க்கும் இலவசம்.

மூன்றாவது மறைப்பு. எம்மிடையே மனநோய் என்ற சொல்லுக்கு இருக்கும் பயம் மரணத்துக்குக்கூட இல்லை. பெண்பிள்ளையாயின் நாளை கலியாணப் பேச்சில் யாராவது இதனைக் கிளறுவர் என்று வாயை மூடிக்கொள்கின்றோம். ஆறு வயதுப் பிள்ளையின் உயிரை இருபது ஆண்டுகள் கழித்து வரப்போகும் மாப்பிள்ளை வீட்டாரின் கேள்விக்காகப் பணயம் வைப்பது என்ன நியாயம்? இது மூளையில் எழும் அழற்சி. நுரையீரலுக்குச் சளிச்சுரம் வருவது போன்றது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. மனநோயேயாயினும் வெட்கப்பட எதுவுமில்லை.

கோயிலுக்குப் போவோரை நாம் குறைகூறவில்லை. நாமும் போகின்றவர்களே. திருநீறு பூசுங்கள், நேர்த்தி வையுங்கள், நூலும் கட்டுங்கள். ஆனால் முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள். வழிபாடு வைத்தியசாலைக் கட்டிலின் அருகிலும் நிகழலாம்.

வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எமது பிள்ளைகள் போரைக் கண்டவர்களும், கண்டவர்களின் பிள்ளைகளுமே. அவர்களது உள்ளத்தில் காயங்கள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அகதி என்ற சொல்லைக் கண்டவுடன் எல்லாவற்றையும் அக்காயத்தின் கணக்கில் எழுதிவிடலாகாது. பல மாதங்களாக வாடிய பிள்ளை வேறு. பத்து நாள்களில் பேச்சிழந்த பிள்ளை வேறு.

செய்யத்தக்கவை

பெற்றோரை வீணே அச்சுறுத்துவது எமது நோக்கமன்று. காய்ச்சலின் பின்னர் சில நாள்கள் பிள்ளை சோர்ந்தும் சிணுங்கியும் இருப்பது இயல்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வேளைகளில் அது அவ்வளவே. ஆனால் தேறிவந்த பிள்ளை மீண்டும் கீழே சரிந்தால், புதிதாக உறக்கம் கெட்டால், பேச்சுக் குறைந்தால், தெரிந்தவர்களை அறியாவிட்டால், உடல் தானாக அசைந்தால், காத்திருக்க வேண்டாம். வலிப்பு வந்தாலோ எழுப்பியும் விழிக்காவிட்டாலோ 999 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

வைத்தியசாலை தரும் கடிதங்களை வேறாக ஓர் உறையில் இட்டு வையுங்கள். வீடு மாறினால் அந்த உறை உங்கள் கையோடு வரட்டும். வாசிக்கத் தெரியாவிடின் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொடுத்து வாசியுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள், முதல் மாற்றத்தைக் கண்ட நாள் இரண்டையும் நாட்காட்டியில் குறியுங்கள். பிள்ளையின் விசித்திரமான அசைவுகளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்தியரிடம் காட்டுங்கள். தன்னெதிர்ப்பு மூளை அழற்சியாக இருக்கக்கூடுமா என்று அச்சமின்றிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

முள்ளந்தண்டில் ஊசி ஏற்றினால் பிள்ளை நடக்காமற் போய்விடும் என்று எம்மவரிடையே ஒரு கதை உலவுகின்றது. முண்ணாண் முடிவடையும் இடத்துக்குக் கீழேதான் அவ்வூசி ஏற்றப்படுகின்றது. பின்னர் தலையிடி வருவதுண்டு, அது மாறிவிடும். இந்நோயின் பிறபொருளெதிரியைத் தேடுவதற்கு அந்த நீரே சிறந்த சான்று. கதையைக் கேட்டுக் கையொப்பமிட மறுத்து, சான்றை இழந்துவிடாதீர்கள்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடுவோர்க்கும் ஒன்று கூறுவோம். சின்னமுத்து வந்த பிள்ளைகளில் ஆயிரத்தில் ஒருவர்க்கு மூளை அழற்சி ஏற்படுகின்றது. 2024ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 2,900க்கும் மேற்பட்டோர்க்குச் சின்னமுத்து உறுதிசெய்யப்பட்டது. ஹேர்ப்பீசுக்குத் தடுப்பூசி இல்லை. இருக்கும் நோய்க்காவது போட்டுக்கொள்ளலாமே.

வார இறுதியில் தமிழ்ப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களே, உங்களுக்கென்று ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள். நேராக எழுதிய கை கோணலாக எழுதத் தொடங்கினால், கண்டிக்கும் முன்னர் பெற்றோருடன் பேசுங்கள். பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். அக்கொப்பியை வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களை வாசிக்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

எமது சங்கங்கள் விளையாட்டு விழாவுக்கும் கலைவிழாவுக்கும் தொண்டர்களைத் திரட்டுகின்றன. இரவு வேளையில் வைத்தியசாலைக்குத் துணையாகச் செல்லவும், வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லவும் ஒவ்வொரு ஊரிலும் நான்கு பேரைத் திரட்டமுடியாதா? பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கென 1994ஆம் ஆண்டில் இந்நாட்டில் தொடங்கப்பட்ட அமைப்பு, என்செபலைற்றிஸ் இன்ரநஷனல் என்ற பெயரில் இன்று இயங்குகின்றது. 2014ஆம் ஆண்டு முதல் பெப்ரவரி 22ஆம் நாள் உலக மூளை அழற்சி நாளாக நினைவுகூரப்படுகின்றது. அந்நாளிலாவது எமது மண்டபமொன்றில், எமது மொழியில், ஒரு வைத்தியரை அழைத்துப் பேசவைக்கலாம்.

நோயிலிருந்து மீண்ட பிள்ளையையும் மறந்துவிடலாகாது. சுகமாகிவிட்டதே என்று மறுகிழமையே பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பாதீர்கள். அவள் சோம்பேறியல்லள், அவளது மூளை களைத்திருக்கின்றது. பாடசாலையில் சிறப்புக் கல்வி உதவி கேளுங்கள். கேட்டால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று அஞ்சாதீர்கள்.

வன்னியில் அந்தப் பிள்ளையின் கையில் பிரம்பை வைத்த நாளில், அவளுக்குக் கொடுக்க மருந்து அங்கே இருக்கவில்லை. இங்கே மருந்து உண்டு, சோதனை உண்டு, இரவு முழுவதும் திறந்திருக்கும் வாசலும் உண்டு. அந்த வாசல்வரை தாயின் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு மட்டுமே எம்முடையது. இன்று வீட்டுக்குப் போனதும், பிள்ளைகளின் மருத்துவக் கடிதங்கள் எங்கே கிடக்கின்றன என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.